மூன்று முட்டை

மில்டூராவில் ஆரஞ்சுப் பருவம்.
விடுதியின் குளிர்பெட்டியைத் திறந்தால் உலகப்படம்:
மேல்தட்டில் ஜெர்மனி,
அதன்கீழ் அயர்லாந்து,
நசுங்கிய வெண்ணெயோடு பிரான்சு,
கதவோரம் புளித்த வாசத்தில் கொரியா.
காய்கறி இழுப்பறையில்
இந்தியாவும் இலங்கையும்,
நடுவே நிறுத்திவைத்த ஓர் அட்டை.
அட்டை என் வேலையல்ல. கேதீஸ்வரன் வைத்தது.
என் தயிர் ஒருநாள் அவன் சம்பலில் கவிழ்ந்துவிட்டது.

பகலில் பழம் பறிப்பேன்.
இரவில் வரவேற்பு மேசையில் உட்காருவேன்,
அதனால் கட்டிலுக்கு வாடகையில்லை.

உல்ரிக் முட்டைகளில்
நீலப் பேனாவால் தன் முதலெழுத்தைப் போட்டுவைப்பான்.
செவ்வாய் காலை எண்ணினான்.
மறுபடி எண்ணினான்.
மூன்று குறைந்தது.

அடுப்படியில் கூடிவிட்டது நீதிமன்றம்.
"ஜெர்மன்காரனைத் தவிர
முட்டையை எண்ணுகிறவன் யார்?" என்று சிரித்த ஊனா
சிரிப்பு அடங்குமுன் தீர்ப்பும் சொன்னாள்:
"பிரெஞ்சுக்காரன்தான்.
அவர்கள் எதற்குக் காசு கொடுத்திருக்கிறார்கள்?"
பஸ்தியான் கையை விரித்து
ரூபர்ட்டைக் காட்டினான்.
ஆங்கிலேயன் உலகத்தையே எடுத்துக்கொண்டவன்,
மூன்று முட்டையா பெரிது என்றான்.
ரூபர்ட் தேநீரிலிருந்து தலை தூக்கவில்லை.

பிறகு எல்லாக் கண்ணும் என்மேல்.
ஊனாவே காப்பாற்றினாள்:
"இவரை விடுங்கள். இந்தியர் முட்டை தொடமாட்டார்,
பசுவைக் கும்பிடுகிறவர்கள்."
பசுவுக்கும் முட்டைக்கும் என்ன உறவென்று
ஒருவரும் கேட்கவில்லை.
நானும் கேட்கவில்லை.

நான் விருதுநகர்க்காரன்.
புரோட்டாக்கடை மாடியில் பிறந்து
கொத்துகிற சத்தத்தில் தூங்கிப் பழகியவன்.
முந்தின இரவு இரண்டு மணி,
கையெல்லாம் ஆரஞ்சுத்தோல் நெடி,
அப்படி ஒரு பசி.
வெங்காயம், பச்சைமிளகாய், மூன்று முட்டை.
ஓடுகளைச் செய்தித்தாளில் சுற்றிக்
குப்பைத்தொட்டியின் அடியில் அழுத்தினேன்.
நீல எழுத்து ஒன்று
விரலில் கொஞ்சம் ஒட்டியிருந்தது.

கேதீஸ்வரன் கையுறை மாட்டியபடி
எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தான்.
வேனில் ஏறும்போது மட்டும் சொன்னான்:
"அண்ணை, உங்கட ஆக்கள் முழுக்க மரக்கறி எண்டு
எனக்கு இவ்வளவு நாளும் தெரியாமப் போச்சு."
அன்று முழுக்க அடுத்த மரத்து ஏணியில்
அவன் விசிலடிப்பது கேட்டுக்கொண்டேயிருந்தது.

பஸ்தியானை யாரும் விரட்டவில்லை.
சாப்பாட்டு மேசையில்
யாரும் நகர்ந்து இடம் விடவில்லை, அவ்வளவுதான்.
புதன் மாலை சாவியைக் கொண்டுவந்தான்.
"நீயாவது என்னை நம்புகிறாயா?"
முன்பணம் இருபது டாலரை எண்ணி வைத்தேன்.
"பேருந்து ஆறு நாற்பதுக்கு" என்றேன்.

வியாழக்கிழமை ஒரு டஜன் வாங்கி
பெயரெழுதாமல்
மேல்தட்டில் வைத்தேன்.
மறுபடியும் நீதிமன்றம்.
"சொயோன்தான்!
சத்தம் போடாமல் நல்லது செய்வது
கொரியாக்காரர் வழக்கம்."
அவள் இல்லையென்று தலையாட்டினாள்.
அந்த அடக்கமும்
அவள் நாட்டுக் கணக்கிலேயே வரவானது.
உல்ரிக் ஓசைப்படாமல் பேனாவைத் திறந்து
மூன்றில் மட்டும் எழுத்துப் போட்டான்.

அன்றிரவு இரண்டு மணிக்கு எண்ணெய் காயும் வாசம்.
கேதீஸ்வரன் தட்டை மேசையில் வைத்தான்,
ஓரம் முறுகின முட்டைப்பொரியல்,
இரண்டு கரண்டி.
"நாளைக்கும் எண்ணுவாங்கள்.
என்ர பேரைச் சொல்லுங்கோ.
இலங்கைக்காரன் எண்டா
ரெண்டாந்தரம் கேக்காமலே நம்புவாங்கள்."

அவன் சிரிக்கிறானா என்று பார்த்தேன்.
விளக்கு அவனுக்குப் பின்னால் இருந்தது.

ஒரு வாய் எடுத்து வைத்து
என்ன சொல்வதென்று தெரியாமல்
"உப்புக் குறைவு" என்றேன்.

"உங்கட ஆக்களுக்கு
எதில குறையில்லை?" என்றபடி
நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.